முன் நம்பர் பிளேட் ஆடுகிறதா? பிக்கப் வண்டிக்கு அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

லோடு வண்டியின் முன் நம்பர் பிளேட் ஆடத் தொடங்கினால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். திருப்புளியை எடுத்து இரண்டு போல்ட்டையும் இன்னும் ஒரு சுற்று முறுக்கிவிடுவார்கள். நாலு நாள் சத்தம் இருக்காது. அப்புறம் மறுபடியும் கடகட. மறுபடியும் முறுக்கு. கடைசியில் மரை வழுக்கும், இல்லாவிட்டால் பிளேட்டின் ஓட்டை கிழியும்.

பிளேட் நேராகச் சேஸியில் உட்காருவதில்லை. அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் ஃபிரேம் இருக்கலாம். அதன் பின்னால் இரும்புப் பட்டையோ பிராக்கெட்டோ இருக்கும். அது பம்பரில் நிற்கும், பம்பர் சேஸியில் நிற்கும். இந்த வரிசையில் எந்த இணைப்பு தளர்ந்தாலும் கண்ணுக்குத் தெரிவது பிளேட் ஆடுவது மட்டும்தான். ஆகவே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பு ஆடுவது எது என்று பிடித்துவிட வேண்டும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். டாடா ஏஸ், பொலேரோ பிக்கப், தோஸ்த் மாதிரி சின்ன லோடு வண்டிகளை மனதில் வைத்துதான் இதை எழுதுகிறேன். மற்ற நாலு சக்கர வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

உங்கள் பிளேட் எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் கழற்ற வேண்டாம். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டி என்றால் அதில் இருப்பது எச்.எஸ்.ஆர்.பி. எனப்படும் உயர் பாதுகாப்பு பிளேட். இடது பக்கம் அசோகச் சக்கரம் பளபளக்கும் 20 மில்லிமீட்டர் சதுர ஹாலோகிராம், அதற்குக் கீழே நீல நிறத்தில் ஐ.என்.டி. எழுத்து, இடது கீழ் மூலையில் லேசரில் பொறித்த எண் ஆகியவை இருக்கும். எழுத்துகள் புடைத்திருக்கும். 1 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு இது. அதைப் பிடித்திருப்பது சாதாரண போல்ட் இல்லை, ஸ்னாப் லாக். ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாது, உடைத்ததை மறுபடி மாட்டவும் முடியாது. திருட்டைத் தடுப்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இந்த வகை பிளேட்டில் நீங்களாக ஓட்டை போடுவது, ரிவெட் அடிப்பது, வளைந்ததைத் தட்டி நிமிர்த்துவது, எழுத்துக்கு மை பூசுவது எல்லாம் வேண்டாம். நாளைக்கு எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போகும்போது அதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டிவரும். பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் ஃபிரேம், பிராக்கெட், பம்பர் ஆகியவற்றில் தாராளமாக வேலை பார்க்கலாம். நல்ல வேளையாக, கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

பழைய வண்டியில் பெயிண்ட் அடித்ததோ ஸ்டிக்கர் ஒட்டியதோ ஆன சாதா பிளேட் என்றால் கழற்றி மாட்டத் தடை இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வாடகை லோடு வண்டிக்கு மஞ்சள் பின்னணியில் கருப்பு எழுத்து. எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கனம் 10 மில்லிமீட்டர் என்பது விதி. நீங்கள் போடும் வாஷரோ பட்டையோ அதில் ஒரு எழுத்தைக்கூட மறைக்கக் கூடாது.

ஆடுவது எது என்று கண்டுபிடிப்பது

எஞ்சினை அணைத்துவிட்டு வண்டிக்கு முன்னால் குந்துங்கள். இடது கைவிரலைப் பிளேட்டும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில் இரண்டிலும் படும்படி வையுங்கள். வலது கையால் பிளேட்டின் கீழ் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். விரலுக்கடியில் இரண்டும் ஒன்றாக அசைந்தால் பிளேட் பிராக்கெட்டில் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு பின்னால். பிளேட் மட்டும் அசைந்து பிராக்கெட் சும்மா இருந்தால் கோளாறு போல்ட்டில், ஸ்னாப் லாக்கில் அல்லது ஓட்டையில். அடுத்து விரலைப் பிராக்கெட்டும் பம்பரும் சேரும் இடத்துக்கு மாற்றி இதையே செய்யுங்கள். கடைசியாக பம்பரின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கண்ணைவிட விரல் இதில் நம்பகமானது. அரை மில்லிமீட்டர் அசைவு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரிந்துவிடும்.

அதோடு போல்ட் தலையைச் சுற்றி இருக்கும் கறையையும் படியுங்கள். துடைப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். பென்சில் தூள் மாதிரி கருப்பு மசி படிந்திருந்தால் அலுமினியத் தகடு வாஷரில் உரசி உரசித் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருக்கிறது. வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டிருக்கிறது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளில் இது சகஜம். இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் போகும். செம்பழுப்புக் கோடு கீழே வழிந்திருந்தால் போல்ட் துரு. ஓட்டையின் வடிவமும் பேசும். மேலும் கீழும் நீண்டு முட்டை வடிவம் ஆகியிருந்தால் குலுக்கலில் தேய்ந்தது. ஓட்டையிலிருந்து மெல்லிய கீறல் கிளம்பியிருந்தால் யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள், அல்லது பிளேட் எதிலோ இடித்து வளைந்து மறுபடி நிமிர்ந்திருக்கிறது.

இனி அறிகுறிகளுக்கு வரலாம்.

வண்டி நிற்கும்போது கடகட, ஓடும்போது சத்தமே இல்லை

ஐடிலில் மட்டும் வரும் சத்தம் இது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் நின்றுவிடும். 2005-இல் வந்த முதல் டாடா ஏஸில் 702 சி.சி. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். அந்த மாதிரி எஞ்சின்கள் ஐடிலில் வண்டியையே நடுங்க வைக்கும். அந்த நடுக்கமும் பிளேட்டின் சொந்த அதிர்வும் ஒத்துப்போகும்போது பிளேட்டின் கீழ் விளிம்பு பம்பரைத் தட்டத் தொடங்கும். போல்ட் சரியாகத்தான் இருக்கும், அதை முறுக்கிப் பயனில்லை.

எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். பிளேட்டின் ஒவ்வொரு மூலையையும் விரலால் அழுத்துங்கள். எந்த மூலையை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கேதான் தட்டுகிறது. அந்த இடத்தில் பின்பக்கம் ரப்பர் வைத்தால் போதும். பழைய டியூபை இரண்டு மடிப்பாக வெட்டி வைக்கலாம், கதவு ஓரத்தில் ஒட்டும் ரப்பர் பீடிங்கும் நன்றாக நிற்கும். பிளேட்டை ரப்பர் கொஞ்சம் முன்னே தள்ளிக்கொண்டிருக்கும் அளவுக்குக் கனம் இருக்க வேண்டும். சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் சத்தம் திரும்பி வரும். ஸ்பாஞ்ச் வேண்டாம். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்பக்கத்தை அரிக்கவிடும். ஒட்டும் முன் இடத்தைத் துடைக்க தின்னர் எடுக்காதீர்கள், பிளேட்டின் ஒளிரும் தாளும் எழுத்து மையும் அதில் கரைந்துவரும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் போதும்.

ஒரு விஷயம். நேற்று வரை இல்லாத சத்தம் இன்று திடீரென்று வந்திருந்தால், பிளேட்டை விட்டுவிட்டு எஞ்சின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். ரப்பர் பிளந்துவிட்டால் ஐடில் நடுக்கம் கூடும். முதலில் சத்தம் போடுவது வண்டியிலேயே மெலிதான தகடான நம்பர் பிளேட்தான்.

குழியிலும் ஸ்பீட் பிரேக்கரிலும் மட்டும் 'டம் டம்'

பிளேட்டை ஆட்டிப் பார்த்தால் கெட்டியாக இருக்கும். சாலையில் மட்டும் சத்தம். இதில் குற்றவாளி பெரும்பாலும் பிராக்கெட், அல்லது பம்பர் சேஸியோடு சேரும் இடம்.

பம்பரின் கீழே தலையை விட்டுப் பாருங்கள். டார்ச் வேண்டும், செல்போன் வெளிச்சமும் போதும். பம்பரை சேஸியில் பிடிக்கும் போல்ட்டுகளைச் சுற்றி பெயிண்ட் உரிந்து பளபளப்பான வளையம் தெரிந்தால் அது அசைகிறது. அவற்றை முறைப்படி இறுக்குங்கள். ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிப் போயிருந்தால் புதிது போடுங்கள், சில்லறைக் காசுதான். இந்த போல்ட்டுகள் பிளேட் போல்ட்டைவிடப் பெரியவை, பலமாக இறுக்கலாம். அதற்குப் பிறகும் பம்பர் ஆடினால் சேஸி முனையில் வரும் தாங்கு பட்டை வெடித்திருக்கலாம். அது டிங்கர் பட்டறை வேலை.

பிராக்கெட் விரிசல் கொஞ்சம் ஏமாற்றும். வளைவு இருக்கும் இடத்தில், பெயிண்டுக்கு அடியில் மெல்லிசாக ஓடும். சந்தேகமான இடத்தைத் துணியால் துடைத்து, பிராக்கெட்டை ஒரு கையால் லேசாக வளைத்துக்கொண்டே பாருங்கள். விரிசல் இருந்தால் வாய் திறந்து மூடும். அதை வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்று தோன்றும். என் கருத்தில் அது வேண்டாத வேலை. மெல்லிய தகட்டில் வெல்டிங் வைத்தால் அதற்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விடும். 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டையை இரும்புக் கடையில் நீளத்துக்கு வெட்டித் தருவார்கள். அதில் ஓட்டை போட்டு, பெயிண்ட் அடித்து, பழைய பிராக்கெட்டுக்குப் பதிலாக மாட்டிவிடுங்கள். பட்டை பிளேட்டின் முழு அகலத்துக்கும் ஓடட்டும். நடுவில் மட்டும் பிடித்தால் இரண்டு பக்கமும் சிறகடிக்கும்.

வெல்டிங்தான் வைக்க வேண்டும் என்ற நிலை வந்தால் மூன்று காரியம்: பிளேட் பிராக்கெட்டோடு கழன்று வெளியே வந்துவிட வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றியிருக்க வேண்டும், எர்த் கிளாம்ப், வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் எலக்ட்ரானிக் பெட்டி போய்விட்டால், நம்பர் பிளேட் வேலைக்காகப் பல ஆயிரம் செலவழிக்க வேண்டிவரும்.

பிளேட்டைப் பம்பரில் இல்லாமல் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் கிராஷ் கார்டில் மாட்டியிருக்கிறார்களா? அந்தக் குழாய் ஆடுகிற ஆட்டத்துக்கு எந்த போல்ட்டும் தாங்காது. மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே வண்டிகளில் கிராஷ் கார்டு, புல் பார் மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதைக் கழற்றிப் பிளேட்டைப் பம்பருக்கே கொண்டுவருவதுதான் தீர்வு.

இன்னொன்று. ஆயுத பூஜைக்குப் பிறகு சத்தம் ஆரம்பித்த வண்டியா? வாழைக்கன்றையும் மாலையையும் எதில் கட்டினார்கள் என்று விசாரியுங்கள். முன்பக்கம் கட்டுவதற்கு வசதியாக இருப்பது பிளேட் பிராக்கெட்தான். கன்று காற்றில் இழுத்துப் பட்டையை வளைத்திருக்கும். கட்டுக்கம்பித் துண்டு ஒன்று இன்னும் பின்னால் மாட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கும். சில நேரம் அந்தக் கம்பியை உருவினாலே சத்தம் போய்விடும்.

போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை

சாதாரணமாகப் பிளேட் போல்ட் 6 மில்லிமீட்டர், அதற்கு 10-ம் நம்பர் ஸ்பேனர். அது இறுகாமல் சுற்றினால் மூன்றில் ஒன்று: பின்னால் நட்டும் சேர்ந்து சுற்றுகிறது, மரை போய்விட்டது, அல்லது பிளாஸ்டிக் பம்பரில் அடித்த ஸ்க்ரூ ஓட்டையைத் தின்றுவிட்டது.

நட் சுற்றினால் பின்னால் கைவிட்டு இன்னொரு 10-ம் நம்பர் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு முன்னால் முறுக்க வேண்டும். கை நுழையாத இடம் என்றால், போல்ட் தலைக்கடியில் திருப்புளி முனையை விட்டு முன்பக்கம் நெம்பிக்கொண்டே கழற்றுங்கள். நட் பின்பக்கத்தில் அழுந்தி நின்றுவிடும், போல்ட் வந்துவிடும். ஆனால் பிளேட்டின் மேல் நெம்பாதீர்கள். 1 மில்லிமீட்டர் தகடு உடனே குழிந்துவிடும்.

மறுபடி மாட்டும்போது உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட் போடுங்கள். குலுக்கலுக்கு அதைவிட மலிவான மருந்து இல்லை. கையால் முறுக்கும்போது பாதியிலேயே கெட்டியாகிவிடும், ஸ்பேனர் கேட்கும். அது சரியான குணம்தான். கழற்றிக் கழற்றிப் போட்டதில் கையாலேயே முழுக்க ஏறிவிட்டால் அதன் வேலை முடிந்தது, தூக்கிப் போடுங்கள்.

தகரத்தில் மரை போயிருந்தால் அதே ஓட்டையில் பெரிய ஸ்க்ரூவை அடித்து ஏற்றுவதுதான் வழக்கம். அது அடுத்த மழை வரைக்கும்தான். ஓட்டையை 9 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி 6 மில்லிமீட்டர் ரிவெட் நட் வைத்துவிடுங்கள். முன்பக்கத்திலிருந்தே அழுத்தி வைக்கலாம், தகரத்தில் கெட்டியான மரை கிடைத்துவிடும். ரிவெட் நட் வைக்கும் கருவி பாடி கட்டும் பட்டறைகளில் இருக்கும். கையில் கருவி இல்லையென்றால் தகர விளிம்பில் செருகும் கிளிப் நட்டும் பரவாயில்லை.

பிளாஸ்டிக் பம்பர் என்றால் செல்ஃப் ஸ்க்ரூவை மறந்துவிடுங்கள். ஊடுருவிப் போகும் போல்ட் வைத்து, பின்பக்கம் அகலமான வாஷரும் லாக் நட்டும் போடுங்கள். வாஷர் அகலமாக இருந்தால்தான் பிளாஸ்டிக்கை அறுக்காது. மரையில் ஊற்றும் லாக்டைட் பசையைப் பிளாஸ்டிக் பம்பர் பக்கத்தில் பயன்படுத்த வேண்டாம். சில வகைப் பிளாஸ்டிக்கில் அது பட்ட இடம் நாள்பட வெடிப்பு விடும். இரும்பில் இரும்பு சேரும் இடத்தில் நீல லாக்டைட் ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்ற நெருப்பு காட்ட வேண்டியிருக்கும்.

புது ஓட்டை போடும் எண்ணம் இருந்தால் முதலில் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹார்ன், வயரிங், ரேடியேட்டர், ஏ.சி. வண்டியாக இருந்தால் கண்டென்சர் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். டிரில் பிட்டின் நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு இன்சுலேஷன் டேப்பைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டால் பிட் அதற்குமேல் உள்ளே போகாது.

எவ்வளவு இறுக்கலாம்?

இது அறிகுறி இல்லை, ஆனால் கேள்வி எல்லா இடத்திலும் வருகிறது. பிளேட் போல்ட்டை விரலால் முடிந்தவரை ஏற்றுங்கள். பிறகு சின்ன ஸ்பேனரால், வாஷர் பிளேட்டில் நன்றாக உட்காரும் வரை. அங்கிருந்து கால் சுற்று. அவ்வளவுதான். தலையைச் சுற்றிப் பிளேட் குழிய ஆரம்பித்தால் அதிகமாகிவிட்டது, கொஞ்சம் தளர்த்துங்கள். பிளேட்டுக்கு மேலே முதலில் ரப்பர் அல்லது நைலான் வாஷர், அதற்குமேல் தட்டை வாஷர், அதற்குமேல் போல்ட் தலை. ஸ்பிரிங் வாஷரை நேராக அலுமினியத்தில் வைத்தால் அதன் முனை தகட்டைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். இரும்பும் அலுமினியமும் தொடாமல் ரப்பர் பிரித்து வைப்பதால் அரிப்பும் குறையும். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டாலும் இந்த ரப்பர் தேவைதான். போல்ட் அரிக்காது, அலுமினியம் அரிக்கும்.

போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது

துரு. முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரேயைப் பின்பக்கம் நட் இருக்கும் இடத்தில் அடித்துவிட்டு, காலையில் மறுபடி அடித்துக் கழற்றிப் பாருங்கள். முன்பக்கம் தலையில் மட்டும் அடிப்பதால் பயனில்லை, துரு இருப்பது மரையில். முதலில் இறுக்கும் திசையில் ஒரு தட்டு, பிறகு கழற்றும் திசையில். அப்படி மாற்றி மாற்றி. ஸ்க்ரூ தலை வழுக்கிப் போயிருந்தால் தலையை டிரில் பண்ணி எடுத்துவிடலாம். போல்ட் மலிவு, பிளேட் மலிவில்லை. கேஸ் விளக்கு காட்டுவதை இந்த இடத்தில் யோசிக்கவே வேண்டாம், பிளேட்டின் தாள் கருகும், பிளாஸ்டிக் பம்பர் உருகும்.

ஓட்டை கிழிந்து ஒரு பக்கம் தொங்குகிறது

சாதா பிளேட் என்றால் பின்னால் தகட்டுத் துண்டு ஒன்றை வைத்து, அதிலும் பிளேட்டிலும் சேர்த்துப் பக்கத்தில் புது ஓட்டை போட்டு, அகல வாஷரோடு மாட்டிவிடலாம். கிழிசல் எழுத்து வரை போயிருந்தால் புது பிளேட் செய்துவிடுங்கள். ஸ்டிக்கர் கடையில் அன்றைக்கே கிடைக்கும்.

எச்.எஸ்.ஆர்.பி. என்றால் ஒட்டுப்போடும் வேலை கிடையாது, மாற்றுப் பிளேட்தான். வண்டி வாங்கிய டீலரிடம் போகலாம், அல்லது அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் இணையதளத்தில் சேதமடைந்த பிளேட்டுக்கு மாற்று என்று பதிவு செய்யலாம். ஆர்.சி. கையில் வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் கேட்பார்கள். பழைய பிளேட்டை ஒப்படைத்த பிறகே புதியதை மாட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே கிழிந்ததைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். எதிலும் இடிக்காமலேயே தாள் உரிந்தோ நிறம் வெளுத்தோ போயிருந்தால் வேறு கணக்கு. குறைந்தது 5 ஆண்டு உத்தரவாதம் உண்டு. பில்லைத் தேடி எடுத்து, அதைச் சொல்லிக் கேளுங்கள்.

மாற்றுப் பிளேட் வரும்வரை பிராக்கெட்டைச் சரிசெய்துவிடுங்கள். ஆடும் பிராக்கெட்டில் புதுப் பிளேட்டை மாட்டினால் அதுவும் அதே இடத்தில் கிழியும்.

ஸ்னாப் லாக் தளர்ந்துவிட்டது

இதை இறுக்கும் வழியே கிடையாது. மூடியைத் திருகிப் பார்ப்பார்கள், நெம்பிப் பார்ப்பார்கள், ஃபெவிகுவிக் ஊற்றுவார்கள். ஊற்றிய பசை ஒரு குலுக்கலுக்குத் தாங்கும். பொருத்தித் தரும் இடத்திலேயே புது லாக் போட வேண்டும். அதுவரை பிளேட் விழாமல் இருக்க, பிளேட்டும் ஃபிரேமும் சேரும் விளிம்பில் கருப்பு கேபிள் டை ஒன்று போட்டுவையுங்கள்.

லாக் தளர்ந்ததா, அது நிற்கும் ஃபிரேம் தளர்ந்ததா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் ஃபிரேம் வெயிலில் உலர்ந்து லாக்கைச் சுற்றி வெடித்திருந்தால், லாக் நன்றாக இருந்தும் எல்லாம் ஆடும். அப்போது மாற்ற வேண்டியது ஃபிரேம். அதை மாற்ற லாக்கை உடைத்தே ஆக வேண்டும் என்பதால் இதற்கும் அதே இடத்துக்குத்தான் போக வேண்டும். ஃபிரேமையும் லாக்கையும் ஒரே நடையில் மாற்றிவிடுங்கள்.

வேகம் எடுத்தால் கீழ் விளிம்பு படபடக்கிறது

மேலே இரண்டு பிடிமானம், கீழே ஒன்றும் இல்லை. 500-க்கு 120 மில்லிமீட்டர் நீளப் பிளேட்டைவிட, இரண்டு வரியில் எழுதும் 340-க்கு 200 மில்லிமீட்டர் பிளேட்டில் இது அதிகம். தொங்கும் பகுதி நீளம், காற்று கீழே புகுந்து தூக்குகிறது. கீழ் விளிம்பு உட்காரும்படி சின்ன 'எல்' பட்டையைப் பிராக்கெட்டில் மாட்டிவிடுங்கள், பிளேட்டில் ஓட்டை போட வேண்டியதில்லை. பின்னால் வெளிப்புறத்துக்கான டபுள் சைட் டேப் இரண்டு துண்டும் சேர்த்தால் போதும்.

நடுவழியில், கையில் ஸ்பேனர் இல்லை

கேபிள் டைதான் கை கொடுக்கும். எலக்ட்ரிகல் கடையிலும் பைபாஸ் பஞ்சர் கடையிலும் கிடைக்கும். கருப்பு வாங்குங்கள், வெயிலில் வெள்ளையைவிட நாள் தாங்கும். போல்ட் விழுந்த ஓட்டை வழியே விட்டுப் பிராக்கெட்டைச் சுற்றி இறுக்கி, வாலை வெட்டிவிடுங்கள். எழுத்தின் குறுக்கே மட்டும் போகக் கூடாது.

கட்டுக்கம்பியால் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். ஒரு நாளைக்குச் சரி. அதையே விட்டுவைத்தால் குலுக்கலில் கம்பி அலுமினிய ஓட்டையை ரம்பம் போல அறுக்கும். செம்புக் கம்பி இன்னும் மோசம், மழைநீர் பட்டால் அதைத் தொடும் அலுமினியம் வேகமாக அரிக்கும். பிளேட்டைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஓட்டுவது வேண்டாம். முன்னால் எண் மாட்டியிருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்வதை யாரும் ஏற்பதில்லை.

தேங்கிய தண்ணீரில் போனபின் பிளேட்டைக் காணோம்

பெருமழையில் சுரங்கப்பாதையோ மூழ்கிய சாலையோ கடந்தால் நடப்பது இது. வண்டி தள்ளிக்கொண்டு போகும் தண்ணீர் பிளேட்டுக்குப் பின்னால் புகுந்து முன்னால் தள்ளும். ஏற்கெனவே ஓட்டை தேய்ந்த பிளேட் சத்தமில்லாமல் கழன்றுவிடும். தண்ணீர் வடிந்த பிறகு அதே இடத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். கழன்ற பிளேட் அதிக தூரம் போகாது, ஓரத்தில் ஒதுங்கியிருக்கும்.

கிடைக்காவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் எண் கொண்ட பிளேட் வேறு எந்த வண்டியில் ஏறும் என்று சொல்ல முடியாது. புகாருக்கு சி.எஸ்.ஆர். எனப்படும் ஏற்பு ரசீது கேட்டு வாங்குங்கள். எச்.எஸ்.ஆர்.பி.க்கு மாற்று கேட்கும்போது தொலைந்துபோனதற்கான காவல்துறை ஆவணம் கேட்பார்கள். புது பிளேட் மாட்டும் வரை அதன் நகலை ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. பேப்பர்களோடு வண்டியிலேயே வைத்திருங்கள். முன் பிளேட் போன வண்டியில் பின் பிளேட்டின் போல்ட்டையும் அன்றைக்கே ஆட்டிப் பார்த்துவிடுங்கள். அதுவும் அதே தண்ணீரில்தான் வந்திருக்கிறது.